பறையும் கானாவும்: நாம் எழுதி வைக்காத ஏடுகள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில் பறையைப் பற்றியும் கானாப் பாட்டைப் பற்றியும் பேசுவதா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. பிள்ளைகள் பறைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுதுகோலைக் கையில் எடுக்க வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் பள்ளிகளைக் கண்டனர், சங்கங்களை அமைத்தனர், அரைவயிற்றுக் கஞ்சி குடித்துச் சந்தா கட்டினர். அந்தத் தியாகத்தால் எழுத்தறிவு பெற்ற தலைமுறை இன்று இந்த மன்றத்தில் நிறைந்திருக்கிறது. அந்தத் தலைமுறை, தான் கற்ற எழுத்தைக் கொண்டு தன் பாட்டன் பாட்டியின் இசையை எழுதி வைக்க வேண்டாமா? இந்த ஒரு வினாவை உங்கள் முன் வைக்கவே நான் வந்திருக்கிறேன்.

ஒரு சொல்லின் கதை

பறைதல் என்றால் பேசுதல், அறிவித்தல் என்பது பழந்தமிழ். மலையாளத்தில் இன்றும் அச்சொல் அப்பொருளிலேயே வழங்குகிறது. ஊருக்குச் செய்தி சொன்ன கருவி ஆகலின் அது பறை எனப்பட்டது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறார். யாழ் உயர்ந்தது, பறை தாழ்ந்தது என்னும் பாகுபாடு அந்த வரிசையில் இல்லை. புறநானூற்றின் 335ஆம் பாடல், துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் ஊரின் பெருமைக்குரிய குடிகளாகப் பேசுகிறது. 194ஆம் பாடலோ, ஒரு வீட்டில் சாவுக்குரிய பறையும் மற்றொரு வீட்டில் மணத்துக்குரிய முழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் காட்டி, உலகியல்பை எடுத்துரைக்கிறது. ஆண்டாளின் திருப்பாவையில் பறை என்னும் சொல், பெற விழையும் பேறாகவே மீண்டும் மீண்டும் வருகிறது.

இத்தனை பெருமைக்குரிய கருவி இழிவின் அடையாளமானது எப்படி? கருவியில் குறை ஏதும் இல்லை. வேப்பங்கட்டையால் வளையம் செய்து, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிம்புக்குச்சியும் பிடித்து முழக்கும் கலை, ஆண்டுக்கணக்கில் பயின்றால் அன்றிக் கைவராது. குறை எங்கே இருந்தது? இன்னார் பிறந்த வீட்டில் பிறந்தவர் அடித்தே ஆக வேண்டும். கூப்பிட்டபோது வர வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும் என்ற கட்டளையில் இருந்தது. கலைஞனின் விருப்பத்தைப் பறித்துக்கொண்டு அவன் கலையை மட்டும் வாங்கினார்கள். பின்னர் அந்தக் கலையின் பெயரையே ஒரு மக்களின் பெயராக்கி, அதையே வசைச் சொல்லாகவும் ஆக்கினார்கள்.

முன்னோர் தந்த இரண்டு விடைகள்

இந்த வசையை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு நம் சென்னை நகரிலேயே நம் முன்னோர் இருவர் இரண்டு விடைகள் தந்தனர். 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எந்தச் சொல்லைச் சொல்லி இழித்தார்களோ அந்தச் சொல்லையே கொடியாக உயர்த்தினால் இழிவு தானே அகலும் என்பது அவர் துணிவு. பண்டிதர் அயோத்திதாசரோ வேறு வழி கண்டார். பிறர் சூட்டிய பெயரை ஏற்பது அவர்கள் வகுத்த ஏணியை ஏற்பதாகும் என்று கருதி, நம்மைச் சாதி பேதமற்ற தமிழர் என்றும் இந்நாட்டின் பூர்வ பௌத்தர் என்றும் நிறுவ முற்பட்டார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அவர் வெளியிட்ட ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் பெயரிலேயே அந்தக் கொள்கை விளங்குகிறது.

பெயருக்கு எழுந்த இந்த இரண்டு விடைகளே பறைக்கும் எழுந்தன. விட்டுவிடுவோம் என்றனர் ஒரு சாரார். 1927இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் இழிவான ஊர்ப்பணிகளைக் கைவிடுமாறு தம் மக்களை அறிவுறுத்தினார். தென்னாற்காடு மாவட்டத்தில் பெரியவர் எல்.இளையபெருமாள், பறையடிக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் மறுக்கும்படி மக்களைத் திரட்டினார். பின்னாளில் தீண்டாமை பற்றி ஆராய்ந்து 1969இல் அறிக்கை அளித்த அகில இந்தியக் குழுவின் தலைவரும் அவரே. மறுத்தவர்கள் அடிபட்டார்கள், குடிசைகளை இழந்தார்கள், கூலி வேலை இழந்தார்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது, தீண்டாமையின் பேரால் ஒருவரைத் துப்புரவுப் பணிக்கும், செத்த விலங்கை அகற்றுவதற்கும், அவை போன்ற பிற வேலைகளுக்கும் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. அந்த வரிகளின் பின்னால், மறுத்து நின்ற எண்ணற்ற எளியவர்களின் துணிவு நிற்கிறது. எனவே, ‘பறையை எடு’ என்று இன்று சொல்பவர் எவராயினும், ‘பறையை விடு’ என்று அன்று சொன்னவர்களை வணங்கிவிட்டே சொல்ல வேண்டும்.

உழைப்பாளர் ஊரின் பாட்டு

இனி நம் ஊருக்கு வருவோம். 1856இல் தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்துதான் வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டித் தொழிற்சாலையும், மோட்டார் தொழிற்சாலைகளும், அனல் மின் நிலையமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செங்கற்பட்டு, வடாற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து நம் மக்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்தனர். மூட்டை சுமந்தனர், கரி அள்ளினர், வண்டி இழுத்தனர், ஆலையில் நூல் நூற்றனர். இங்கே மீனவரும் இருந்தனர். இசுலாமியரும், கிறித்தவரும், தெலுங்கு பேசுவோரும், வடநாட்டாரும் இருந்தனர். இந்தக் கலப்பில், இந்த நெரிசலில், பகல் உழைப்புக்குப் பிந்திய இரவில் பிறந்ததே கானா.

கானா என்ற சொல் இந்தியில் பாட்டைக் குறிப்பது. சொல் வடக்கிலிருந்து வந்தது, பொருள் நம்முடையது. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் அடங்கிய இடம் இருக்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியதும் நம் வடசென்னையில்தான். தொண்டியிலிருந்து வந்த அவரால்தான் தண்டையார்பேட்டை என்ற பெயரே ஏற்பட்டது என்று சொல்வார் உண்டு. நிலையாமையைப் பாடிய அந்தச் சித்தரும் சூபியும் விட்டுச்சென்ற மெய்ப்பொருள், சாவு வீட்டுக் கானாவில் இன்றும் ஒலிக்கிறது. இறந்தவரைக் கிடத்தியிருக்கும் இரவில், உறவினர் உறங்காதிருக்க, பாடகர் வந்து அமர்வார். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், செய்த வேலை, பட்ட பாடு எல்லாவற்றையும் கேட்டறிந்து அங்கேயே பாட்டில் கோத்துப் பாடுவார். டோலக்கு இருந்தால் டோலக்கு. இல்லாவிட்டால் மேசை, தகரப் பெட்டி, தீப்பெட்டி. சில இடங்களில் புல்புல்தாரா. ஊர்வலம் புறப்படும்போது சட்டியும் கட்டை மோளமும் பறையும் முழங்கும்.

சற்றே எண்ணிப் பாருங்கள். துறைமுகத்தில் நாற்பது ஆண்டு மூட்டை தூக்கிய ஒருவரைப் பற்றி எந்த நாளேடும் இரங்கற் குறிப்பு எழுதுவதில்லை. எந்த நூலும் அவர் வரலாற்றைச் சொல்வதில்லை. அவர் வாழ்ந்தார் என்பதற்கு ஒரே சான்று, அந்த ஓர் இரவில் பாடப்பட்ட பாட்டு. விடிந்ததும் உடலோடு அந்தப் பாட்டும் போய்விடுகிறது. நம்முடைய வரலாற்று நூல்கள் இப்படித்தான் ஒவ்வொரு விடியலிலும் எரிந்துகொண்டிருக்கின்றன.

எழுதியதும் எழுதாததும்

திருவொற்றியூரிலேயே இதற்கு ஒரு மாற்றுச் சான்றும் இருக்கிறது. தியாகராச சுவாமிகள் தம் மாணவர் வீணை குப்பையரின் பொருட்டு இங்கே வந்தார். திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவை திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று போற்றப்படுகின்றன. பாடியவர் மறைந்து ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் அப்பாடல்களின் சொல் அழியவில்லை, இராகம் அழியவில்லை, தாளம் அழியவில்லை. காரணம் என்ன? மாணவர் பரம்பரை இருந்தது, அவர்கள் எழுதி வைத்தார்கள், அச்சிட்டார்கள், ஆண்டுதோறும் கூடிப் பாடுகிறார்கள். அந்தப் பாடல்களின் உயர்வில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அதே ஊரில், அதே காலத்தில், உப்புக் காற்றில் நின்று உழைத்தவர்கள் என்ன பாடினார்கள்? அவர்கள் ஊமைகளாய் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பாட்டில் ஒரு வரியேனும் நம் கையில் இல்லை. எழுதும் கை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

அச்சுக்கு வந்தவை சிறிது உண்டு. குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் புயலையும், விபத்தையும், கொலை வழக்கையும் பாடின. அவற்றுள் எஞ்சியவை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இன்று காக்கப்படுகின்றன. அந்நாளில் அவற்றை மலிவான சரக்கு என்று ஒதுக்கியவர்களின் பேரர்களே, இன்று அவற்றைத் தேடி ஆராய்ச்சிப் பட்டம் பெறுகிறார்கள். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ‘எம்டன்’ கப்பல் நம் கடற்கரையில் குண்டு வீசிற்று. அந்தப் பெயர் சென்னைத் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. மக்கள் நாவுக்கு நினைவாற்றல் உண்டு. ஆனால் நாவு ஒரு சொல்லைக் காப்பாற்றும். முழுப் பாட்டைக் காப்பாற்ற ஏடு வேண்டும்.

தொலைநாட்டிலிருந்து ஒரு பாடம்

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு மக்களின் அனுபவத்தைக் கூற விரும்புகிறேன். கிழக்கு ஐரோப்பாவின் யூத மக்களிடையே, திருமணங்களில் வாசிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட இசைக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்குக் ‘கிளெஸ்மர்’ என்று பெயர். இசைக்கருவி என்று பொருள்படும் எபிரேயச் சொற்களிலிருந்து வந்தது அது. கருவியின் பெயர் கலைஞனின் பெயராயிற்று. படித்தவர்கள் நடுவில் அது, முறையாகக் கற்காத தாழ்ந்த வாத்தியக்காரன் என்று இகழும் சொல்லாயிற்று. இதைக் கேட்கும்போது உங்கள் நெஞ்சில் என்ன தோன்றுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சார் மன்னர் ஆட்சியில் யூதர் குறிப்பிட்ட மாகாணங்களுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தனர், கலவரங்களில் கொல்லப்பட்டனர். அந்நிலையிலும் 1908இல் அவர்களுடைய இளம் இசைவாணர்கள் பீட்டர்சுபர்க்கு நகரில் யூத நாட்டுப்புற இசைச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1912 முதல் 1914 வரை ஆன்ஸ்கி என்னும் எழுத்தாளரின் தலைமையில் ஒரு குழு, ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு சிற்றூர் சிற்றூராகச் சென்று பாட்டிமாரின் பாட்டையும் பிச்சைக்காரரின் பாட்டையும் மெழுகு உருளைகளில் பதிந்தது.

பொதுவுடைமைப் புரட்சிக்குப் பின் இப்பணியை ஏற்றவர் மோய்சி பெரெகோவ்ஸ்கி. 1892இல் உக்ரைன் நாட்டில் பிறந்தவர். கீவ் நகரில் அரசின் ஆதரவோடு, 1929 முதல் யூத இசைத் தொகுப்புப் பிரிவை நடத்தினார். அரசு இடம் கொடுத்தது; சம்பளம் கொடுத்தது; ஆய்வுப் பயணத்துக்கு வழி செய்தது. அதனோடு ஓர் அளவுகோலையும் கொடுத்தது. தொழிலாளர் பாட்டு என்றால் முன்னேற்றம். வழிபாட்டுப் பாட்டு என்றால் பிற்போக்கு. அந்த அளவுகோலுக்கு உட்பட்டே பெரெகோவ்ஸ்கி 1934இல் தம் முதல் தொகுதியை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் இட்லரின் படை உக்ரைன் யூதர்களைக் கொன்று குவித்தது. போர் முடியுந் தறுவாயில், பிழைத்து வந்தவர்களைத் தேடிச் சென்று, முகாம்களிலும் சேரிகளிலும் அவர்கள் புனைந்த பாடல்களைத் தொகுத்தார் அவர்.

ஆனால் ஆதரவு தந்த கையே பின்னர் ஓங்கிற்று. 1948 சனவரியில் யூத நாடகக் கலைஞர் மிகோல்ஸ் கொல்லப்பட்டார். 1949இல் பெரெகோவ்ஸ்கியின் பிரிவு மூடப்பட்டது. 1950இல் அவரே கைது செய்யப்பட்டுச் சைபீரிய முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1952 ஆகஸ்டு 12ஆம் நாள், இத்திஷ் மொழி எழுத்தாளர்கள் உள்ளிட்ட 13 பேர் மாசுகோவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். யூத நாட்டுப்பாடல்களைக் கொண்டு 1948இல் சொசுதகோவிச் அமைத்த இசைப் படைப்பு, 1955இல்தான் மேடையேற முடிந்தது. பெரெகோவ்ஸ்கி 1955இல் விடுதலையானார், 1961இல் இறந்தார். அவர் தொகுத்த உருளைகள் அழிந்தன என்றே உலகம் கருதியது.

அழியவில்லை. 1990களில் கீவ் நகரின் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகு உருளைகள் கிடைத்தன. 2005இல் யுனெஸ்கோ அத்தொகுப்பை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. போர்க்காலப் பாடல்கள் 2018இல் இசைத்தட்டாக வெளிவந்தன. இதற்கிடையே 1970களில் அமெரிக்காவில் வாழும் யூத இளைஞர்கள் தம் பாட்டன்மாரின் இசையைத் தேடிப் புறப்பட்டனர். இகழ்ச்சிச் சொல்லாயிருந்த கிளெஸ்மர், இன்று உலக மேடைகளில் ஓர் இசை மரபின் பெருமைக்குரிய பெயர்.

நான் இரு மக்களின் துயரையும் ஒன்றென்று சொல்லவில்லை. கிளெஸ்மர் கலைஞன் தன் மக்களுக்காகத் தன் மக்களின் மணவீட்டில் வாசித்தான். நம் கலைஞன் தன்னைத் தீண்டாதவன் வீட்டு வாசலில் வாசிக்க வேண்டியிருந்தான். இந்த வேறுபாடு பெரிது. எனினும் அங்கிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஆதரவாளன் வருவான், போவான். அவன் அளவுகோலும் மாறும். எல்லா அளவுகோல்களையும் தாண்டிப் பிழைத்தது, ஒரு மனிதன் ஊர் ஊராய் நடந்து பதிந்து வைத்த தொகுப்பு மட்டுமே.

நம் நாட்டு மேடைகள்

நம் இசைக்கும் ஆதரவாளர்கள் வந்ததுண்டு. பொதுவுடைமை இயக்கத்தார் நாட்டுப்பாடலை மதித்தனர். 1952இல் நம் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற தோழர் ஜீவானந்தம் பின்னர்த் ‘தாமரை’ இதழையும், கலை இலக்கியப் பெருமன்றத்தையும் கண்டார். பேராசிரியர் நா.வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். இந்த நன்றியை நாம் மறத்தலாகாது. ஆயினும் அந்த மேடைகளில் ஏர்ப்பாட்டும் ஏற்றப்பாட்டும் ஒலித்த அளவுக்குச் சாவுப்பறையும், சாதியின் வலியும் ஒலிக்கவில்லை. உழைப்பாளி என்ற முகத்துக்கு அங்கே வரவேற்பு இருந்தது. தீண்டப்படாதவன் என்ற காயத்தைப் பேசும்போது சற்றே தயக்கம் இருந்தது. அந்த இடதுசாரி மேடைகளில் பாடிப் புகழ்பெற்ற முனைவர் கே.ஏ.குணசேகரன்தான், பின்னர் தலித் அரங்கை வளர்த்தார். ‘வடு’ என்னும் தன்வரலாற்றை 2005இல் எழுதினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் அமர்ந்தார். பறையொலி கேட்ட சேரியிலிருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை வரை நீண்ட அந்த வாழ்வை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும்.

திரைப்படமும் கானாவை நாடி வந்தது. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதனைத் தமிழகம் முழுதும் ஒலிக்கச் செய்தார். பின்னர்க் கானா உலகநாதன், கானா பாலா, மரண கானா விஜி போன்றோர் சேரிக் குரலைத் திரைக்குக் கொண்டு சென்றனர். ஆனால் திரைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஆட வைக்கும் கானா வேண்டும். அழ வைக்கும் கானா அரிதாகவே வேண்டும். குடித்துவிட்டுப் பாடுபவனின் பாட்டு என்ற தோற்றம் பரவிற்று. இறந்தவரின் வாழ்வைக் கோத்துப் பாடும் கலை பின்னால் தள்ளப்பட்டது.

இவற்றுக்கு இடையே நம்மவர் தாமே மேடை அமைத்தனர். 1991இல் வந்த அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டு ஒரு விழிப்பைத் தந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் அருள்திரு தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் விடுதலைப் பாடல்களைப் புனைந்தார். அந்நகரில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. பறை அங்கே விருந்தினரை வரவேற்கும் முதல் முழக்கமாயிற்று. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் நம் பெண்கள் பறையை ஏந்தி ஆடினர். ஆண்கள் மட்டுமே, அதுவும் பிறர் ஏவலில் மட்டுமே தொட்ட கருவியை, பெண்கள் தம் விருப்பத்தால் தொட்டபோது அதன் பொருளே மாறிற்று. மராட்டியத்திலும் 1930களிலிருந்து இப்படியே நடந்தது. தமாசாக் கூத்து ஆடிய கலைஞர்கள் அதே மெட்டில் அம்பேத்கரின் செய்தியை வைத்து ‘ஜல்சா’ நடத்தினர். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் விடிய விடிய மக்கள் கேட்டனர்.

நம் சென்னையில் 2018 சனவரி 6ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறிற்று. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து அமைத்தது அது. அதன் பெயரே அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. பறையும் சட்டியும் கட்டை மோளமும் மேனாட்டுக் கருவிகளோடு சரிக்குச் சரியாய் நின்றன. அக்குழுவில் பாடிய இராயபுரத்து மகள் இசைவாணியை 2020இல் பி.பி.சி. நிறுவனம், உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்களின் குரலாகவே இருந்த கானாவில் ஒரு பெண் குரல் அப்படி ஒலித்தது. அந்த ஆண்டிலேயே ‘மார்கழியில் மக்களிசை’ விழாவும் தொடங்கிற்று. 2025இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இரட்டைமலையார் ஏந்திய சொல்லும் அயோத்திதாசர் கண்ட கொள்கையும் ஒரே மேடையில் சந்தித்த காலம் இது என்று நான் கருதுகிறேன்.

பறையை எடுப்பதா, விடுப்பதா?

ஆயின் மேடையில் விருது கிடைத்துவிட்டதால் ஊரில் கட்டாயம் ஒழிந்துவிட்டது என்று மயங்க வேண்டாம். ‘இது உங்கள் கலைதானே, வந்து அடியுங்கள்’ என்று பாராட்டின் பெயராலும் பழைய கட்டளை திரும்பி வரக்கூடும். எனவே ஓர் உரைகல்லை உங்களிடம் தருகிறேன். வர மாட்டேன் என்று சொல்லும் உரிமை கலைஞனுக்கு உண்டா? அவன் கேட்கும் ஊதியம் கிடைக்குமா? நாற்காலியில் அமர்வானா? அவன் பெயர் அழைப்பிதழில் இருக்குமா? அவன் மகன் வேறு தொழிலுக்குப் போகவும், அடுத்த தெருக்காரன் மகன் இக்கலையைக் கற்க வரவும் வழி உண்டா? இந்த ஐந்துக்கும் ஆம் என்று விடை வந்தால் அது கலை; பெருமையோடு எடுங்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்று விடை வந்தால் அது பழைய ஊழியம், தயங்காமல் விடுங்கள். இரண்டும் நம் உரிமையே. எடுக்கிறவனை விடுகிறவன் இழிவாகப் பேச வேண்டாம். விடுகிறவனை எடுக்கிறவன் கோழை என்று சொல்ல வேண்டாம்.

இளைஞர் செய்ய வேண்டுவன

இறுதியாக, இளைஞர்களிடம் நான் வேண்டுவது எளிய பணி. பெரெகோவ்ஸ்கிக்கு ஒலிப்பதிவுக் கருவி ஒரு சுமை. இன்று அது உங்கள் சட்டைப்பையில் கைப்பேசியாய்க் கிடக்கிறது. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் முதிய பாடகர்களையும் பறைக் கலைஞர்களையும் தேடிச் செல்லுங்கள். அவர்கள் ஒப்புதலோடு பதியுங்கள். பாட்டை மட்டும் பதிந்து வராதீர்கள். பாடியவர் பெயர், கற்றுத் தந்தவர் பெயர், எந்த ஆண்டில், எந்தத் தெருவில், யாருடைய இறப்பில் பாடியது என்பவற்றையும் எழுதுங்கள். அடியின் பெயர்களையும் அவற்றை வாயால் சொல்லும் சொற்கட்டுகளையும் எழுதுங்கள். சென்னைத் தமிழைத் திருத்தி எழுதாதீர்கள். அவர் சொன்னவாறே எழுதுங்கள். துயர வீட்டில் பதிவு செய்வதானால் முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வாருங்கள்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் இயற்றிய பாட்டின் உரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உரிய உரிமை 1994இல் சேர்க்கப்பட்டது. தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமை 2012இல் வந்தது. நம் பாடகர்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு மேடைக்கும் தம் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பலர். படித்த பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருந்து, பாட்டு எழுதிய நாளையும் பெயரையும் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது. கல்வி என்பது இதற்கும்தான்.

புதிய பாட்டையும் எழுதுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் அவலத்தை 2017இல் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணா ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ என்னும் பாட்டாகப் பாடினார். கபேர் வாசுகி அதை நம் சென்னைத் தமிழிலேயே எழுதியிருந்தார். நல்ல மனம் கொண்டோரின் அந்தத் துணையை வரவேற்போம். ஆனால் 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அதே கழிமுகத்தில் பரவியபோது, வலையும் படகும் கருத்து நின்ற மக்களின் குரலில், அவர்கள் மெட்டில், அவர்கள் சொல்லில் எழும் பாட்டுக்கு ஈடு வேறில்லை. அந்தப் பாட்டு எழுந்திருந்தால் அதைத் தேடிப் பதியுங்கள். எழவில்லையேல் நீங்கள் எழுதுங்கள்.

நம் சங்கத்தின் நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்குப் பத்துப் பாடகர் என்று கொண்டால், பொன்விழா வருமுன் 250 பேரின் பாட்டு அங்கே சேர்ந்துவிடும். அந்த அலமாரி எந்தக் கட்சியின் அளவுகோலுக்கும், எந்தப் படக் கம்பெனியின் தேவைக்கும் கட்டுப்படாதது. மூட்டை தூக்கிய பாட்டன் வாழ்ந்தார் என்பதற்கு அங்கே சான்று இருக்கும்.

எழுத்தறியாத நம் முன்னோர் நமக்கு எழுத்தைத் தந்தார்கள். எழுத்தறிந்த நாம் அவர்கள் குரலை எழுதுவோம். இப்பணிக்கு முன்வரும் இளைஞர்கள் இன்றே தங்கள் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.